ஊதா நிறத்தை நான் வெற்றி என்று நினைத்தேன்

முதல் அறிகுறியை நான் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஜாக்கெட் தளர்ந்தது, அவ்வளவுதான். மகளுக்கு ஒன்றரை வயது ஆகியிருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு இறங்குகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பெரம்பலூரில் எங்கள் தெருவில் இரண்டு பேர், நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள். எனக்கும் ஒரு வாரம் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு தாகம் வந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த சொம்புக்குப் போனேன். கர்ப்பகாலத்தில் எனக்குச் சர்க்கரை இருந்தது, பிரசவத்துக்குப் பின் போய்விட்டது. அதனால் சந்தேகப்பட்டு நானே பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். வெறும் வயிற்றில் 212. சாப்பிட்ட பின் 340.

நான் பார்த்த மருத்துவர் நல்லவர்தான். அவருடைய வாசலில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தாளைப் பார்த்தார். "பிரசவத்துல வந்த சுகர் திரும்பி வந்திருக்கு. டைப் டூ. மூணு மாசம் மாத்திரை போடுங்க. குறையலன்னா இன்சுலின்தான்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைத் தவிர வேறு எதுவும் என் காதில் விழவில்லை.

என் அப்பா திருமானூரில் விவசாயம் செய்தவர். இன்சுலின் ஆரம்பித்த அடுத்த வருடம் அவருக்குக் கால் எடுத்தார்கள். ஊசியால் கால் போகவில்லை, ஊசியைப் பல வருடம் தள்ளிப்போட்டதால்தான் போனது என்று இன்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் வரிசை வேறு. முதலில் ஊசி வந்தது, பிறகு கால் போனது. எனக்கு இருபத்தொன்பது வயது. ஊசி இல்லாமல் இதைச் சமாளிப்பது என்று முடிவு செய்தேன். கையில் மூன்று மாதம் இருந்தது.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் இப்போது அதே மூன்று மாதத்துக்குள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குறைமாவு உணவு என்கிறார்கள். சோறு, இட்லி, கோதுமை, பழம் போன்ற மாவுச்சத்து உணவுகளை வெகுவாகக் குறைத்து, முட்டை, மீன், கீரை, தேங்காய் என்று சாப்பிடுவது. கொள்ளிடக் கரையில், மூன்று வேளையும் நெல்லுச்சோறு தின்று வளர்ந்தவள் நான். எனக்கு அது சாதாரண முடிவு இல்லை. ஆனால் செய்தேன். நான் எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்வேன், என் பிரச்சினையே அதுதான். சின்ன வெங்காயம் மூட்டை மூட்டையாக விளைகிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஆம்லெட்டுக்கு எத்தனை வெங்காயம் போடலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மா திருமானூரிலிருந்து தினம் போன் செய்வார். "சோறு திங்காம ஒரு வைத்தியமா? யாருடி இத ஒனக்குச் சொல்லிக்குடுத்தது?"

சொல்லிக்கொடுத்தது ஒரு வாட்ஸப் குழு. அங்கேதான் கீட்டோன் பட்டையும் அறிமுகமானது. கீட்டோன் (மாவுச்சத்து கிடைக்காதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் அமிலப் பொருள்) சிறுநீரில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் காகிதப் பட்டை அது. நனைத்துப் பதினைந்து விநாடி காத்திருந்து, டப்பாவின் மேலுள்ள நிறங்களோடு ஒப்பிட வேண்டும். வெளிர் நிறம் என்றால் கீட்டோன் இல்லை. பிறகு இளஞ்சிவப்பு, ஊதா, கடைசியில் கத்தரிக்காய் நிறம்.

குழுவில் காலையில் எல்லோரும் பட்டையைப் படம் எடுத்துப் போடுவார்கள். ஊதாவுக்குக் கைதட்டல் படங்கள் வரும். வெளிறியிருந்தால், "நேத்து என்ன சாப்டீங்க, உண்மையச் சொல்லுங்க" என்று விசாரணை நடக்கும். எனக்கு நாலாம் நாளே ஊதா வந்துவிட்டது. மற்றவர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தபோது எனக்கு மட்டும் இத்தனை சீக்கிரம் ஏன் வருகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். நான் வகுப்பில் முதலிடம் வந்த பிள்ளையைப் போலச் சந்தோஷப்பட்டேன்.

சந்தேகமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். டப்பாவோடு வந்த தாளில், சர்க்கரை நோயாளிக்கு அடர்ந்த நிறம் வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கவும் என்று பொடி எழுத்தில் இருந்தது. நான் வேதியியல் படித்து, பி.எட். முடித்தவள். எந்தத் தாளையும் கடைசி வரி வரை படிப்பேன். குழுவில் கேட்டேன். குழுவை நடத்தும் அக்கா உடனே பதில் போட்டார்: "அது டைப் ஒன் ஆளுங்களுக்குப்பா. நமக்கு இல்ல. பயப்படாம தண்ணி குடிங்க."

சரி, மருத்துவரிடமும் கேட்டுவிடலாம் என்று போனேன். அவரைப் பார்ப்பதற்கு முன், ரத்த அழுத்தம் பார்க்கும் பெண்ணிடம் சொன்னேன். "கீட்டோன்லாம் யாருக்கா பாக்கச் சொன்னா? சும்மா எதையாவது பாத்துக்கிட்டு. சுகர மட்டும் பாருங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் சுருங்கிப்போனேன். உள்ளே போனதும் மருத்துவரிடம், "சோறு குறைச்சிருக்கேன் சார்" என்று மட்டும் சொன்னேன். சர்க்கரை 138 இருந்தது. "குட். எது பண்றீங்களோ அதையே பண்ணுங்க" என்றார். பட்டையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவர் எடையும் பார்க்கவில்லை. ஐம்பத்துநாலு கிலோவில் ஆரம்பித்த நான் அப்போது நாற்பத்தொன்பது.

அந்த வாரம் ஒரு வேண்டுதல் வைத்தேன். ஊசி இல்லாமல் சரியாகிவிட்டால் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று.

கணவரின் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிறது. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் ஊர். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் (கையில் மஞ்சள் கயிறு கட்டி விரதம் தொடங்குவது), விழா முடிகிற வரைக்கும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். பால்குடம் எடுப்பவர்களுக்கு அந்த எட்டு நாளும் ஒரு வேளைதான் சாப்பாடு. நான் மகளோடு போய், கயிற்றைக் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டில் தங்கினேன். என் கணவர் அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை செய்கிறார், ஷிப்ட் முடிந்து தினம் வந்துவிடுவார்.

மற்ற பெண்கள் பத்து மணிக்கே சுருண்டு உட்கார்ந்தார்கள். எனக்குப் பசியே இல்லை. மாமியார் வியந்துபோனார். "மத்தியானம் வரைக்கும் பச்சத் தண்ணியோட சுத்துறா, மூஞ்சி வாடுதா பாருங்க. நீ என்னா புள்ள, சாமியா?" என்றார் நாலு பேர் முன்னால். எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. பட்டையோ தினமும் கத்தரிக்காய் நிறம் காட்டியது. படம் போட்டேன். வரிசையாகக் கைதட்டல்.

ஐந்தாம் நாள் குமட்டியது. ஆறாம் நாள் காலை வாந்தி. வயிற்றைப் பிசைந்தது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்ததற்கே, ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கியது. மீட்டரில் சர்க்கரை பார்த்தேன். 218. மாத்திரை ஆரம்பிக்கும் முன் 340 பார்த்தவளுக்கு 218 ஒரு பொருட்டா? சர்க்கரை காரணம் இல்லை என்று முடிவு செய்தேன்.

அதற்குள் வீடு நிறைந்துவிட்டது. ஒருவர் பித்தம் என்றார். ஒருவர் எலுமிச்சம்பழம் பிழிந்து கொண்டுவந்தார். மூன்றாவது வீட்டுப் பெண், "நாலு பேரு முன்னாடி சாமிங்கற, கண்ணு படாம இருக்குமா?" என்று என் மாமியாரையே குற்றம் சொன்னாள். அவர் சூட்டோடு என்னிடம் வந்து குனிந்தார். முகத்தருகில் வந்தவர் அப்படியே நின்றார்.

"பழம் தின்னியா?"

"இல்லத்த."

"பொய் சொல்லாத புள்ள. வாயில பழுத்த வாழப்பழ வாசம் குப்புன்னு அடிக்குது. வெரதத்துல எவன் ஒனக்குப் பழம் குடுத்தான்?"

எண்பது நாளாக நான் ஒரு வாழைப்பழத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதைச் சொல்லி அழ ஆரம்பித்தேன். அழுகையின் நடுவில், உள்ளங்கையை வாயருகே வைத்து ஊதிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. இனிப்பும் காரமும் கலந்த அந்த வாசம் எனக்குத் தெரியும். கல்லூரி ஆய்வகத்தில் அசிட்டோன் பாட்டிலைத் திறந்தால் வருவது. அசிட்டோனும் ஒரு கீட்டோன்தான். அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

பதினோரு மணிக்குக் கணவர் வந்தார். என்னைப் பார்த்ததும், "கெளம்பு" என்றார்.

"இன்னும் ரெண்டு நாளுங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்கச் சொல்லிடுவாங்க. காப்பு கட்டியிருக்கேன்."

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானேதான் போக மாட்டேன் என்றேன். ஊசி வேண்டாம் என்று கேட்டுக் கட்டிய கயிறு அது. அதை அறுத்துக்கொண்டு போனால் ஊசிக்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

மாமியார் என் கையைப் பிடித்தார். கயிற்றை அறுக்கவில்லை. பல்லால் முடிச்சை இழுத்துத் தளர்த்திக் கழற்றினார். தன் கையை மகனிடம் நீட்டினார்.

"இத எனக்குக் கட்டுடா. அவ வேண்டுதல நான் எடுத்துக்கறேன். ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். நீ வண்டில ஏறு புள்ள, பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

சாலைக்கு வந்ததும் கணவர் டிரைவரிடம் அரியலூர் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னார். பெரம்பலூரிலேயே காட்டியிருக்கலாமோ என்று அந்த நிலையிலும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் இருந்த மருத்துவருக்கு என் வயதுதான் இருக்கும். "சுகர் எவ்வளவு இருந்துச்சு?"

"இரநூத்திப் பதினெட்டுதான் டாக்டர்."

"அந்த 'தான்' வேண்டாம். கீட்டோன் பாத்தீங்களா?"

என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மருத்துவர் அதைக் கேட்டார். போனை நீட்டினேன். எண்பது நாள் படங்கள், தேதி வாரியாக. விரலால் தள்ளிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதி வச்சு நான் பாத்ததில்ல. இத யாருக்கு அனுப்பினீங்க?"

"குரூப்புக்கு."

"உங்க டாக்டருக்கு?"

நான் போனைத் திரும்ப வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. அடுத்த கேள்வி, எத்தனை கிலோ குறைந்தேன் என்பது. ஒன்பது என்றேன். அந்தக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது என்று கணவர் பின்னால் சொன்னார்.

கீட்டோ அமிலத்தன்மை (கீட்டோன் அளவு மீறி ரத்தமே அமிலமாக மாறும் ஆபத்தான நிலை) என்று சொல்லித் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். மணிக்கட்டின் உள்ளே குத்தி ரத்தம் எடுத்தார்கள், இன்னும் அந்த இடத்தைத் தொட்டால் உடம்பு கூசுகிறது. ஒரு கையில் உப்புநீர். மறு கையில் இன்சுலின், சொட்டுச் சொட்டாக. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். எழுத்தைப் படித்தேன். குளுக்கோஸ்.

"சிஸ்டர், அது எனக்கு ஆகாது. எனக்குச் சர்க்கரை. நான் எண்பது நாளா…"

"ஆகாதா? இன்சுலினோட இதுவும் போனாதாம்மா கீட்டோன் நிக்கும். கைய ஆட்டாம படுங்க."

என்னைச் சுற்றியிருந்த எல்லோர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஒருவர் சோறு தின்னாதே என்றார், ஒருவர் தின்னு என்றார், ஒருவர் பட்டையைப் பார் என்றார், ஒருவர் பார்க்காதே என்றார். கடைசியில் சர்க்கரைத் தண்ணீரை நேராக நரம்பில் ஏற்றுகிறார்கள். நான் யார் சொன்னதை மீறினேன்? ஒருவர் சொன்னதையும் மீறவில்லை. எல்லோர் சொன்னதையும் கேட்டேன்.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். வெளியூருக்கு அனுப்பிய ரத்தப் பரிசோதனைகளின் முடிவுகள் ஒரு வாரத்தில் வந்தன. ஒன்று, என் கணையத்தை என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது என்று சொன்னது. இன்னொன்று, நான் சுரக்கும் இன்சுலின் மிகக் கொஞ்சம் என்று சொன்னது. டைப் டூ அல்ல. டைப் ஒன் (உடலில் இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் வகை). சின்னப் பிள்ளைகளுக்கு வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரியவர்களுக்கும் வரும், மெதுவாக வரும், டைப் டூ வேஷத்தில் வரும்.

அந்த மருத்துவர் என் கட்டிலருகே நின்று விளக்கினார். குறைமாவு உணவு உண்பவருக்கு, உடம்பில் போதுமான இன்சுலின் இருந்தால், கீட்டோன் கொஞ்சம் வந்து ஓரளவில் நின்றுவிடும். அதை நிறுத்திவைப்பதே இன்சுலின்தான். எனக்கு நிறுத்த ஆள் இல்லை. நான் மாவுச்சத்து சாப்பிடாததால் மீட்டரில் சர்க்கரையும் பெரிதாக ஏறவில்லை. நோய் வளர்ந்துகொண்டிருந்தது, என் கட்டுப்பாடு அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தது.

"சோறு சாப்பிட்டிருந்தா இது வந்திருக்காதா டாக்டர்?"

"டைப் ஒன் வந்துதான் இருக்கும். ஆனா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

"இன்சுலின் எப்ப நிறுத்தலாம்?"

அவர் குனிந்து என் தலையணையைச் சரிசெய்தார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

குறைமாவு உணவே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் குழுவில் பலருக்கு அது நன்றாகவே வேலை செய்தது. நான் சொல்வது வேறு. ஒல்லியாக இருந்துகொண்டு இன்னும் எடை குறைந்தால், உங்களுக்கு எந்த வகை என்று மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பட்டையில் அடர்ந்த நிறமும், கூடவே குமட்டலோ வாந்தியோ மூச்சு வாங்குவதோ இருந்தால், மீட்டர் என்ன காட்டினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். அளந்ததை மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டினால் திட்டட்டும்.

வீடு திரும்பியதும் குழுவில் நடந்ததையெல்லாம் எழுதினேன். நீளமான செய்தி. ஒருவர், நான் தண்ணீர் போதாமல் குடித்திருப்பேன் என்றார். மூன்று பேர் கைதட்டல் படம் போட்டார்கள், பழக்கத்தில். குழுவிலிருந்து வெளியேறினேன். அன்றே மாலை அந்த அக்கா போன் செய்து அழுதார். அவரைத் திட்ட நினைத்தேன், வாய் வரவில்லை. அவரும் என்னைப்போல எதையோ படித்து, எதற்கோ பயந்து ஆரம்பித்தவர்தான்.

மாமியார் மகளைக் கொண்டுவந்து விட்டார். "ஒன் கொடத்த நான்தான் தூக்குனேன். பாதி வழில கழுத்துப் புடிச்சிக்கிச்சு, இன்னம் திரும்ப மாட்டேங்குது" என்றார் தடவிக்கொண்டே.

"ஊசி இல்லாம சரியாவணும்னு நேந்தேன் அத்த. இப்ப ஊசிதானே கெதின்னு ஆயிடுச்சு. குடம் எடுத்ததே தப்போ?"

"ஆத்தாளுக்கு ஊசி மேல என்னாடி கோவம்? நீ சாவாம வந்தியே, அதுக்குத் தூக்குனேன்னு வச்சுக்க. எப்பப் பாரு நொய்யி நொய்யின்னு யோசிச்சுக்கிட்டு."

இப்போது நாளுக்கு நாலு ஊசி. மூன்று, சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்பு, தட்டில் இருக்கும் சோற்றின் அளவுக்கு. ஒன்று, ராத்திரி ஒன்பதுக்கு. முன்பெல்லாம் மூன்று மாதம் என்று ஒரு கெடு இருந்தது. அதற்குள் ஜெயிக்க வேண்டும். இப்போது கெடு இல்லை. கால் மணி நேரங்கள்தான் இருக்கின்றன, ஒன்றன்பின் ஒன்றாக.

போன மாதம் மருத்துவரைப் பார்க்க மகளோடு அரியலூருக்குப் பஸ்ஸில் போனேன். டவுனுக்குள் நுழைய இன்னும் கொஞ்ச தூரம்தான். இறங்கியதும் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே ஊசியைப் போட்டுக்கொண்டேன். அடுத்த திருப்பத்தில் பஸ் நின்றது. முன்னால் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி டயர் வெடித்துக் குறுக்கே நின்றிருந்தது. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அரை மணி ஆவும்" என்றார்.

பஸ் நிற்கலாம். உள்ளே போன மருந்து நிற்காது, சாப்பிடாவிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கம் வந்துவிடும். டப்பாவைத் திறந்து சாம்பார் சாதத்தைப் பிசைந்தேன்.

"எறங்கித் தின்னா ஆவாதா கண்ணு? இந்தப் புழுக்கத்துல" என்றார் பக்கத்தில் இருந்த அம்மா.

"ஊசி போட்டுட்டேங்கம்மா. இப்பவே சாப்பிடணும்."

"இந்த வயசுலயா? அடக் கடவுளே" என்று என் கையையே பார்த்தார்.

மடியில் இருந்த மகள் வாயைத் திறந்தாள். எப்போதும் அவளுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் நான் சாப்பிடுவேன். ஆனால் இந்தச் சோறு அளந்தது. போட்ட ஊசிக்குச் சரியான சோறு. பிஸ்கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைத் தட்டிவிட்டு, மறுபடியும் வாயைத் திறந்தாள்.

"இது அம்மாவுக்குப் பாப்பா" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பிள்ளை அழ அழத் தானே தின்கிற தாயைப் பார்த்தது. நான் தலையைக் குனியவில்லை. கடைசிப் பருக்கை வரை மென்று விழுங்கினேன்.